ரதிக்குத் துக்கம் கேட்க வந்த ஓரகத்திகள்

ரதியோட ஓரகத்திங்க கடல் தாண்டித் துக்கம் கேக்க வந்த வருஷம்னு சொன்னா எங்க கோட்டகச்சேரியில யாருக்கும் விளக்கம் தேவைப்படாது, ஏன்னா அந்த வருஷந்தான் ரேஷன் கடையில வரிசை ஒழுங்கா நின்னுச்சு, அந்த வருஷந்தான் எங்க வீட்டுக்காரர் என்னைப் பாத்து நீ சாப்பிட்டியான்னு கேட்டார், அந்த வருஷந்தான் உத்திராபதி புடவை கட்டிக்கிட்டு அறுப்பு மெஷின் ஓட்டினான். வந்தவங்களுக்குச் சோறாக்கிப் போட்டவ நான். மகளிர் குழுத் தலைவி சம்பூரணம்னா நான்தான். வேற யாராவது இந்தக் கதையை வேற மாதிரி சொன்னா நம்பாதீங்க, அவங்கல்லாம் பந்தியில உக்காந்திருந்தவங்க.

மாசி மாசம் எங்க ஊர்ல காமன் பண்டிகை. பிள்ளையார் கோயில் முன்னாடி ஆமணக்குக் கொம்பை நட்டு, வைக்கோலைச் சுத்தி, வறட்டியை அடுக்கி, இதுதான் மன்மதன்னு சொல்லி, பௌர்ணமி அன்னிக்குச் சிவன் வேஷம் கட்டினவர் நெத்திக்கண்ணைத் திறந்ததா பாவிச்சு அதைக் கொளுத்துவாங்க. ரதி வேஷம் கட்டினவன் சாம்பல் பக்கத்துல உக்காந்து ஒப்பாரி வைப்பான். விடிஞ்சதும் பொம்பளைங்க எல்லாரும் நிஜச் சாவுக்குப் போற மாதிரியே போயி ரதியைக் கட்டிப் புடிச்சுத் துக்கம் கேப்போம். கேக்க வேண்டியவங்க எல்லாம் கேட்டு முடிச்சதும் சாம்பல்ல பால் தெளிச்சு மன்மதனை எழுப்பிருவாங்க. அவன் ரதி கண்ணுக்கு மட்டும் தெரிவான்னு ஐதீகம். அதோட ரதி புடவையை அவுத்துப் போட்டுட்டு லுங்கியைக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போயிருவான்.

இதுல ஒரு வழக்கு உண்டு. மன்மதன் எரிஞ்சானா எரியலையான்னு டேப்புங்கற தோல் மேளத்தை அடிச்சு லாவணி பாடுவாங்க. அவன் எரிஞ்சு சாம்பலாயிட்டான், எழுப்பினது அப்புறம்னு எரிஞ்ச கட்சி சொல்லும். உருவந்தான் போச்சு, ஆள் அப்படியேதான் இருக்கான், அவன் எரிஞ்சிருந்தா ஊர்ல இத்தனை புள்ளைங்க எப்படிய்யா பொறக்குதுன்னு எரியாத கட்சி கேக்கும். மத்த ஊர்ல இது பாட்டோட முடிஞ்சிரும். எங்க ஊர்ல மேலத்தெரு எரிஞ்ச கட்சி, கீழத்தெரு எரியாத கட்சி, நல்லது கெட்டது எல்லாத்துக்கும் அதுதான் சட்டம், ஆட்டைத் திருடினவன்கூட கீழத்தெருக்காரனா இருந்தா ஆடு போகலை, உருவந்தான் போச்சுன்னு பஞ்சாயத்துல வாதாடுவான். மேலத்தெருவுக்குத் தலைவர் கலியபெருமாள். கீழத்தெருவுக்கு வைரக்கண்ணு.

வைரக்கண்ணுவோட ஒரே மகன் மாசிலாமணி அதுக்குச் சில வருஷம் முன்னாடி பம்புசெட்டுல ஷாக் அடிச்சுச் செத்துப்போனான். ஊரே சுடுகாட்டுக்குப் போச்சு, பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வச்சான், வைரக்கண்ணு மட்டும் வரலை. வீட்டுல உக்காந்து டேப்பை அடிச்சுக்கிட்டு, என் மகன் எரியலை, உருவந்தான் போச்சுன்னு பாடிக்கிட்டிருந்தார். கருமாதி வேணாம்னுட்டார். மருமக அஞ்சுகத்தோட பொட்டை யாரும் தொடக்கூடாது, தாலியில கை வைக்கக்கூடாது, அவ புருஷன் வீட்டுலதான் இருக்கான்னுட்டார். மத்தியானம் மகனுக்கும் சேத்து மூணு தட்டு போடச் சொல்வார், அவளும் போடுவா. ஆரம்பத்துல பொம்பளைங்க நாங்க பூரிச்சுப் போனோம், இந்த மாதிரி மாமனார் யாருக்குக் கிடைப்பார், பொட்டும் பூவுமா வச்சிருக்காரே தங்கமான மனுஷன்னு பேசிக்கிட்டோம். அப்புறந்தான் சங்கதி புரிஞ்சுது. எங்க சனத்துல அறுத்துக் கட்டுற வழக்கம் உண்டு. புருஷன் செத்தா தாலியைக் கழட்டி, கருமாதி முடிச்சு, மனசுக்குப் புடிச்சவனைக் கட்டிக்கலாம், எவனும் வாயைத் திறக்க மாட்டான். ஆனா அறுத்தாத்தானே கட்ட முடியும். அஞ்சுகம் பொண்டாட்டியும் இல்லை, அறுத்தவளும் இல்லை, பஸ்ஸு வராத ஸ்டாப்புல நிக்கிறவளா நின்னா.

அவளுக்குப் புடிச்சவன் உத்திராபதி. மேலத்தெருக்காரன், அறுப்பு மெஷின் டிரைவர், வருஷா வருஷம் ரதி வேஷம் அவனுக்குத்தான். ரதிக்கு ஜாக்கெட் தைக்கிறவ அஞ்சுகம். அளவெடுக்கப் போயி, அளவு சரியில்லைன்னு மறுபடி போயி, அப்புறம் பங்குனியிலயும் ஆவணியிலயும் ரதிக்கு ஜாக்கெட் தைக்க ஆரம்பிச்சதும் எங்களுக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு. அந்த வருஷம் பௌர்ணமிக்கு முந்தின நாள் அவன் மீசையை வழிச்சுக்கிட்ட கையோட வைரக்கண்ணுகிட்டப் போயி, மாமா, அஞ்சுகத்தை எனக்குக் கட்டி வைங்கன்னு கேட்டுட்டான். கோவப்படுவார்னு நெனச்சான். அவர் கோவப்படலை. உக்காருப்பா, மாசிலாமணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்னு உள்ள போனார். வெளியில வந்து ரொம்ப வருத்தமா, அவன் வேணாங்கறான் தம்பி, தப்பா எடுத்துக்காதேன்னார்.

நீயே வாயேன் அஞ்சுகம், கோயில்ல கட்டிக்கலாம்னு உத்திராபதி கூப்பிட்டதுக்கு அவ சொன்ன பதில் எனக்குத் தெரியும், எங்கிட்டதான் வந்து அழுதா. "அவர் என்னைத் தாயின்னு கூப்பிடுறாருக்கா. நான் அவர் வாக்கு இல்லாம வாசப்படி தாண்டினா அந்த மனுஷன் மூணு தட்டையும் தானே போட்டுக்கிட்டு உக்காந்திருப்பார். என்னால முடியாது."

அதனால அந்தப் பௌர்ணமிக்கு உத்திராபதி வச்ச ஒப்பாரி வேஷம் இல்லை. அவன் நிஜமா அழுதான். ராசாவே உன்னை எரிச்சாங்களேன்னு அவன் அடிவயித்துலேர்ந்து இழுத்த இழுப்புல கொட்டகையில இருந்த மாடெல்லாம் கத்துச்சு, அந்த அழுகை எங்க எல்லையில நிக்காம ஆறு தாண்டி கடல் தாண்டிப் போயிருக்கு, போன இடத்துல எல்லாம் கேக்க வேண்டியவங்க காதுல விழுந்திருக்கு. மறுநாள் காலையில மினி பஸ்லேர்ந்து அவங்க இறங்கினாங்க. கண்டக்டர் சிங்கத்துக்கு லக்கேஜ் டிக்கெட் கொடுத்திருந்தான்.

முதல்ல இறங்கினவ இஷ்தார், பாபிலோன்காரி, நல்ல உசரம், சிங்கம் அவளோடது. அடுத்து அப்ரோடைட்டி, கிரேக்க தேசம், கடல் நுரையில பொறந்தவளாம், கால் வச்ச இடமெல்லாம் ஈரம். மூணாவது ஃபிரேயா, வடக்க பனி தேசம், ரெண்டு பூனை பூட்டின வண்டியை பஸ் மேல ஏத்திக் கொண்டாந்திருந்தா. இன்னொருத்தியும் வந்தா, ஓஷுன்னு பேரு, ஆப்பிரிக்காவுல ஒரு ஆத்துக்கே சொந்தக்காரி. எங்க ஆத்துல மணல்கூட இல்லாம கிடக்கிறதைப் பாத்துட்டு மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு அதே பஸ்ல திரும்பிப் போயிட்டா. அவ கோவத்துல நியாயம் இருக்கு.

போனவளோட சேத்து நாலு பேரும் அவங்கவங்க தேசத்துல காதலுக்குத் தெய்வமாம். ரதிக்கும் அதே பொறுப்புதானே, அதனால துக்கம் கேக்க வந்திருக்கோம்னாங்க. எந்தப் பாஷையில சொன்னாங்கன்னு கேக்காதீங்க, துக்கத்துக்கு வந்தவங்க பேச்சு யாருக்குப் புரியாம இருக்கும். நாங்க யோசிச்சதெல்லாம் இவங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடுறதுன்னுதான். எல்லாருக்கும் புருஷனைப் பறிகொடுத்த கதை ஒண்ணுபோல இருந்ததால புருஷங்க அண்ணன் தம்பிங்கன்னு வச்சுக்கிட்டு, இவங்க ரதிக்கு ஓரகத்திங்கன்னு முடிவு பண்ணினோம். ஓரகத்திங்க ஒரே பஸ்ல சண்டை போடாம வந்து இறங்கினதுதான் எங்களுக்கு அதிசயம். அதைப் பத்தித்தான் அன்னிக்குப் பூரா பேசினோம்.

நேரா சாம்பல் கிட்டப் போயி உத்திராபதியைக் கட்டிப் புடிச்சாங்க. இஷ்தார் மட்டும் அவன் மோவாயைத் தடவிப் பாத்துட்டு, இது ஆம்பளைன்னா. அப்ரோடைட்டி, இருக்கட்டுமே, அழுகை சுத்தமா இருக்குன்னா. ஃபிரேயா அழவே ஆரம்பிச்சுட்டா. அவ கண்ணுலேர்ந்து விழுறதெல்லாம் தங்கம். அதை நாங்க பொறுக்கி ஒரு டம்ளர்ல போட்டு அவகிட்டயே கொடுத்துட்டோம், துக்க வீட்டுக் கண்ணீரை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோகலாமான்னு யோசிச்சவ ரெண்டு பேர் இருக்கா, பேர் சொல்ல மாட்டேன்.

இந்த மாதிரி மூணு பேர் ஊர்ல உக்காந்தா ஊர் சும்மா இருக்குமா. சிங்கம் ரேஷன் கடை வாசல்ல படுத்துக்கிச்சு, வரிசை நூல் புடிச்ச மாதிரி நின்னுச்சு. பூனைங்க மீன்கார அம்மாவோட சைக்கிள் பின்னாடியே தெருத்தெருவாப் போச்சு. இருவது வருஷமாப் பேசாம இருந்த புருஷன் பொண்டாட்டி எல்லாம் குளத்துல ஒண்ணாக் குளிச்சாங்க. மினி பஸ் டிரைவர் கண்ணாடியில யாரையோ பாத்துக்கிட்டு எங்க ஸ்டாப்பைத் தாண்டிப் போயி, ரிவர்ஸ்ல வந்தான். அன்னிக்குத்தான் எங்க வீட்டுக்காரர், சாப்பாடுங்கற ஒத்த வார்த்தையைத் தவிர வேற பேசி நான் கேட்டறியாத மனுஷன், அடுப்படிக்கு வந்து, நீ சாப்பிட்டியா சம்பூரணம்னார். நான் அவர் நெத்தியில கை வச்சுப் பாத்தேன், காய்ச்சல் இல்லை.

சாயங்காலம் அவங்க கிளம்பினப்ப, நாங்க போறோம்னாங்க. எனக்குச் சுருக்குன்னுது. என்ன இது, போறேன்னா சொல்வாங்க, போயிட்டு வரேன்னு சொல்லுங்கடியம்மான்னேன். தெய்வமா இருந்தாலும் நம்ம வீட்டுல சாப்பிட்டவங்க, நாலு நல்ல வார்த்தை கத்துக்கட்டுமேன்னு ஒரு நெனப்பு. மூணு பேரும் கையெடுத்துக் கும்பிட்டு, போயிட்டு வரோம்னு அழகாச் சொல்லிட்டு பஸ் ஏறினாங்க.

மறுநாள் காலையில வந்து இறங்கினாங்க. அதுக்கு மறுநாளும் இறங்கினாங்க. நம்மாளுங்க போயிட்டு வரேன்னு சொன்னா அது பேச்சு. தெய்வம் சொன்னா வந்துதான் ஆகணும் போல. சாவு வீட்டுல எவனாவது போயிட்டு வரேன்னு சொல்வானா, சொல்லாம கொள்ளாம எழுந்து போறதுதானே முறை, மறுபடி இந்த மாதிரி ஒரு துக்கத்துக்கு இந்த வாசலுக்கு வர வேணாம்னுதானே அந்த வழக்கமே. பந்தி பரிமாறின மப்புல எனக்கு அது சாவு வீடுங்கறதே மறந்துபோச்சு. தெனமும் வந்தாங்க, தெனமும் அழுதாங்க, தெனமும் மரியாதையா போயிட்டு வரோம்னு சொல்லிட்டுப் போனாங்க. துக்கம் கேட்டு முடியாம பால் தெளிக்கக் கூடாது, பால் தெளிக்காம ரதி புடவையை அவுக்கக் கூடாது. தாளடி நெல்லு சாஞ்சு கிடக்கு, ரேடியோவுல மழை வேற வருதுங்கறான், ஊர்ல இருக்கிறது ஒரே மெஷின். கடைசியில உத்திராபதி முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு, பூவும் வளையலுமா மெஷின் மேல ஏறிட்டான். அவன் அறுத்துக்கிட்டே ஒப்பாரி வைக்க, மூணு பேரும் வரப்புல அழுதுக்கிட்டே கூட நடந்தாங்க. பக்கத்து ஊர்க்காரங்க பாத்துட்டுப் போனாங்க. எங்களுக்கு அதுல ஒரு பெருமைதான்.

ஆனா எத்தனை நாளைக்கு ஆக்கிப் போடுறது, எனக்குக் கை ஓய்ஞ்சுபோச்சு. ஊரைக் கூட்டுங்கன்னேன். ஒரு மத்தியானம் பிள்ளையார் கோயில் வாசல்ல கூடினாங்க. கலியபெருமாள் சட்டையைச் சரிபண்ணிக்கிட்டு எழுந்தார்.

"இதுல பேச என்ன இருக்கு. மன்மதன் எரிஞ்சுட்டான். எரிஞ்சா சாவு. சாவுன்னா சொல்லாமப் போகணும். சம்பூரணம், அவங்ககிட்ட முறையை மாத்திச் சொல்லிக் கொடு, முடிஞ்சுது."

வைரக்கண்ணு டேப்பைத் தட்டினார். "யாரும் எரியலை. எரியாத வீட்டுல போயிட்டு வரோம்னு சொல்றதுதான் சரி. அவங்க வரட்டும், தெனமும் வரட்டும். எங்க வீட்டு அரிசியை எடுத்து ஆக்குங்க."

கீழத்தெரு பூரா ஆமாங்குது, மேலத்தெரு பூரா இல்லைங்குது. அஞ்சுகம் தூணுக்குப் பக்கத்துல நிக்கிறா. அவ மூஞ்சியை நான் மட்டுந்தான் பாத்தேன். மன்மதன் எரிஞ்சான்னு ஊர் ஒத்துக்கிட்டா வைரக்கண்ணு வீட்டுலயும் ஒருத்தன் எரிஞ்சிருக்கான்னு ஆகும், எரியலைன்னு முடிவானா இவளுக்கு ஆயுசுக்கும் மூணு தட்டுதான். நான் எழுந்து, ஆம்பளைங்க நீங்க பாடினது போதும், புருஷனைப் பறிகொடுத்தவளுங்க மூணு பேர் உக்காந்திருக்காங்க, அவங்களைக் கேளுங்கன்னேன்.

இஷ்தார்கிட்டக் கேட்டாங்க. அவ புருஷன் ஆறு மாசம் கீழ் லோகத்துல இருப்பானாம், ஆறு மாசம் மேல வருவானாம். ரெண்டு கட்சியும் கை தட்டிச்சு. அப்ரோடைட்டியோட ஆளைப் பன்னி குத்திருச்சாம், வருஷா வருஷம் செவப்புப் பூவா பூக்கிறானாம். பாத்தியா எரியாத கட்சின்னு வைரக்கண்ணு டேப்பைத் தூக்கினார். "பூவோட என்ன பேசுறது பெரியவரே," அப்படின்னா அவ, "வருஷத்துக்கு ஒருக்கா பாக்கிறேன், ரெண்டு நாள்ல வாடிருது."

ஃபிரேயா எழுந்திருக்கலை. உக்காந்த இடத்துலேர்ந்தே சொன்னா. "என் புருஷன் ஒரு நாள் கிளம்பிப் போனார். செத்தாரா இருக்காரான்னு தெரியாது. நான் தேடாத ரோடு இல்லை, பேரை மாத்திக்கிட்டு ஊர் ஊராத் தேடுறேன்."

வைரக்கண்ணுவுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. "அப்போ நீதான் எங்க கட்சி. தேடும்மா. இருக்கான், கிடைப்பான்."

"நீங்க நல்ல மனசோட சொல்றீங்க," அப்படின்னா ஃபிரேயா. "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அவர் செத்துட்டார்னு யாராவது ஒருத்தர் எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் ஒரு மூச்சு அழுதுட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். யாருக்கும் சொல்ல மனசு வரலை. அதான் இன்னும் ரோட்டுலயே நிக்கிறேன்."

வைரக்கண்ணு அவளைப் பாத்தார். அப்புறம் தூணுப் பக்கம் திரும்பி அஞ்சுகத்தைப் பாத்தார், ரொம்ப நேரம் பாத்தார், தெனமும் சோறு போடுற மருமகளை அன்னிக்குத்தான் பாக்கிற மாதிரி. டேப்பைக் கீழ வச்சார். அவர் கையில டேப்பு இல்லாம நாங்க யாரும் பாத்ததில்லை.

"தாயி," அப்படின்னார். "மாசிலாமணி செத்துட்டாம்மா."

அவர் மறுபடி சொன்னார். "எரிஞ்சுட்டான். நான் பாக்கலை, ஆனா எரிஞ்சுட்டான். என் புள்ளை செத்துட்டான்." சொல்லிட்டு மண்ணுல உக்காந்துட்டார்.

மூணு பேரும் சாம்பல் பக்கத்துலேர்ந்து எழுந்தாங்க. ரதியை விட்டுட்டு வைரக்கண்ணு வீட்டு வாசல்ல போயி உக்காந்தாங்க, ஊர்ப் பொம்பளைங்க நாங்க பின்னாடியே போனோம், உத்திராபதியும் புடவையோட வந்து எங்களோட உக்காந்தான். அன்னிக்கு நாங்க அழுத அழுகை இருக்கே, இத்தனை வருஷமா அந்த வீட்டுல அழாம வச்சிருந்ததெல்லாம் சேத்து அழுதோம், வைரக்கண்ணு குலுங்கிக் குலுங்கி அழுதார், அஞ்சுகம் அவர் தலையை மடியில வச்சுக்கிட்டு அழுதா, ஃபிரேயா கண்ணுலேர்ந்து அன்னிக்கு வெறும் தண்ணிதான் வந்துச்சு. நான் உள்ள போயி அடுப்புல உலை வச்சிட்டு வெளிய வந்தா மூணு இடமும் காலியா இருக்கு. சிங்கம் இல்லை, பூனை இல்லை. முறையா சொல்லாமப் போயிருக்காங்க. யாரும் கத்துக் கொடுக்கலை. எனக்குத்தான் அன்னிக்கு ஆக்கினதெல்லாம் மிஞ்சிப்போச்சு.

கருமாதி அந்த மாசமே நடந்துச்சு. அஞ்சுகம் தாலியைக் கழட்டிப் பால் சொம்புல போட்டா, யாரையும் தொட விடலை, தானே கழட்டினா. அதுக்கு முன்னாலயே காமன் சாம்பல்லயும் பால் தெளிச்சாச்சு, உத்திராபதி லுங்கிக்கு வந்துட்டான், மீசைக்கு மட்டும் கொஞ்ச நாள் ஆச்சு. இதுல பாவம் கலியபெருமாள்தான். ஜெயிச்சுட்டார், ஆனா எதிர்ல பாட ஆளில்லை. தெனமும் வைரக்கண்ணு வீட்டு வாசல்ல வந்து, மாமா, மகன் விஷயம் வேற, மன்மதன் விஷயம் வேற, நீங்க எரியலைன்னு சொன்னாத்தானே நான் எரிஞ்சுட்டான்னு சொல்ல முடியும்னு கெஞ்சினார். யோசிக்கிறேன்னார் வைரக்கண்ணு.

வைகாசியில கல்யாணம். வைரக்கண்ணுதான் அப்பன் இடத்துல நின்னு தாரை வார்த்துக் கொடுத்தார். எங்க வீட்டுக்காரர் பந்தியில உக்காந்து சாப்பாடுன்னார், பழையபடி ஆயிட்டார், நானும் விட்டுட்டேன். சாப்பாடு முடிஞ்சு பொண்ணும் மாப்பிள்ளையும் மேலத்தெருவுக்குக் கிளம்பினாங்க. அஞ்சுகம் மாமனார் காலைத் தொட்டுக் கும்பிட்டா. நிமிர்ந்து அவர் மூஞ்சியைப் பாத்தா, வாயைத் திறந்தா, என்ன சொல்றதுன்னு தெரியாம மூடிக்கிட்டா. செத்த வீடாச்சேன்னு நெனச்சாளோ, இனிமே இந்த வீட்டுக்கு நான் யாருன்னு நெனச்சாளோ, ஒரு வார்த்தையும் சொல்லாம படி இறங்கிட்டா.

"தாயி," அப்படின்னார் வைரக்கண்ணு. "எங்க சொல்லாமப் போற. இது கல்யாண வீடு."

அவ திரும்பி வந்தா. படியேறி நின்னு சொன்னா.

"போயிட்டு வரேன் மாமா."

"வா," அப்படின்னார். "ரெண்டு பேரும் வாங்க. நாளைக்கு மத்தியானம் மூணு தட்டு போடுறேன்."